சுல்தானின் கணக்கேடு

மதரஸாவில் ஓதிய காலத்திலும், பின்னர் ஓதிக்கொடுத்து வரும் இம்முப்பது ஆண்டுகளிலும் பூனையைப் பற்றிய இரண்டு செய்திகளை நாம் எத்தனையோ முறை மாணவர்களுக்கு விளக்கியிருக்கின்றோம். முதலாவது, அபூகத்தாதா (ரலி) அவர்களைப் பற்றியது. அவர்கள் உளூச் செய்வதற்காக மருமகள் கப்ஷா அவர்கள் தண்ணீர் வைத்தார்கள். பூனையொன்று வந்து அதில் வாய் வைக்க, அது வசதியாகக் குடிக்கட்டும் என்று அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியந்து நோக்கவே, பூனை அசுத்தமானதன்று, வீட்டில் நம்மைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். இரண்டாவது, ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், அதுவே இரை தேடிக்கொள்ள விடவும் செய்யாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளான செய்தி.

முதலாவதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு மலரும். இரண்டாவதைச் சொல்லும்போது நம் குரல் உயரும். அந்தப் பெண்ணை நாம் எந்நாளும் வேறு யாரோ ஒருத்தியாகவே கருதி வந்தோம். 2024ஆம் ஆண்டு ரமளானில் ஓர் இரவு அந்தக் கருத்து நம்மை விட்டு அகன்றது. அதைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

மணமான நாள் முதல் நாம் இல்லாளின் வீட்டிலேயே வாழ்ந்து வருகின்றோம். காயல்பட்டினத்தில் அதுவே வழக்கம். அந்த வீட்டின் உண்மையான அதிகாரி நம் மாமியார். அவர்களை நாம் மாமி என்றே அழைப்போம். அவர்களுடைய கட்டிலின் காலடியில் செம்மஞ்சள் நிறக் கடுவன் ஒன்று எப்போதும் படுத்திருக்கும். அதற்குச் சுல்தான் என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. மாமி நீண்ட காலம் நீரிழிவால் துன்புற்று 2021இல் வஃபாத்தானார்கள். நோய் முற்றிய நாட்களில் ஒருமுறை நம்மைப் பார்த்து, “மருமகனே, சுல்தானைப் பட்டினி போட்டுராதீங்க” என்றார்கள். நாம் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பு ஓர் அமானிதம் என்பதை அப்போது உணர்ந்தோமில்லை.

பட்டினி போடவில்லை. மாறாக, வீட்டார் அனைவரும் மாமியின் நினைவாக அதற்கு அள்ளி அள்ளி வைத்தோம். காலையில் பால்சோறு, நண்பகலில் மீன்குழம்புச் சோறு, இரவில் பொரித்த மீன். முற்றத்தில் வெயில் காய்வதும் கட்டிலில் உறங்குவதும் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. எடை ஆறு கிலோவுக்கு மேல் போயிற்று. வருவோர் போவோர் எல்லாம், “பெயருக்கேற்ற உடம்பு” என்று மெச்சினர். நாமும் மகிழ்ந்தோம்.

2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாற்றம் தெரிந்தது. சுல்தான் ஓயாமல் தண்ணீர் குடித்தது. தொட்டியடியில் சொட்டும் நீரையும் விட்டுவைக்கவில்லை. நிறையத் தின்றது, ஆனால் முதுகெலும்பு வெளியே தெரியத் தொடங்கியது. கொல்லையில் அது சிறுநீர் கழிக்கும் மணலில் எறும்புகள் சாரை சாரையாய் மொய்ப்பதை நம் இல்லாள்தான் முதலில் கண்டாள். பார்த்துவிட்டு வந்து, “உம்மாவுக்கு வந்தது இதுக்கும் வந்திருக்கு” என்றாள். நாம் நம்பவில்லை. பூனைக்கு நீரிழிவா என்று சிரித்தோம்.

சிரித்துவிட்டு, நம் பழக்கப்படி நூல்களைப் புரட்டினோம். 1405இல் மறைந்த எகிப்து நாட்டு அறிஞர் தமீரி, விலங்குகளைப் பற்றி எழுதிய பெருநூலில் பூனைக்கு இடம் தந்திருக்கிறார். தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயர் குட்டி என்று வகுக்கிறது. இப்னு சீனா தம் மருத்துவ நூலில் நீரிழிவைப் பற்றி எழுதியிருக்கிறார். பூனையும் கிடைத்தது, நோயும் கிடைத்தது. நோயுற்ற பூனையை என்ன செய்வது என்பது மட்டும் கிடைக்கவில்லை. நூலை மூடிவிட்டு, கூடையில் பூனையை வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் பேருந்து ஏறினோம்.

கால்நடை மருத்துவர் இளவயதுப் பெண்மணி. எடை 4.6 கிலோ. இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 388 மில்லிகிராம். நலமான பூனைக்கு ஏறத்தாழ 70 முதல் 150 வரை இருக்கும் என்றார். ஆயினும் அந்த ஓர் எண்ணை வைத்து அவர் முடிவு செய்யவில்லை. “ஐயா, பேருந்துச் சத்தம், கூடை, நாய்க் குரைப்பு, புது மனிதர்கள். பயந்த பூனைக்கு நோய் இல்லாவிட்டாலும் சர்க்கரை ஏறும்” என்று கூறி, சிறுநீரைச் சோதித்தார். இரத்தப் புரதங்களோடு சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று காட்டும் மற்றொரு சோதனைக்கும் இரத்தம் அனுப்பினார். ஃபுருக்டோசமின் எனப்படும் அந்தச் சோதனை கடந்த இரண்டு வாரங்களின் சராசரியைத் தெரிவிக்குமாம். ஒரு நாள் அச்சம் அதை மாற்றிவிடாது. முடிவு வந்தது. இல்லாள் சொன்னதே சரி.

நடுவயதைக் கடந்த, உடல் பருத்த, ஓடியாடாத கடுவன்களை இந்நோய் அதிகம் பற்றுகிறது என்றும், மனிதர்களில் வயது வந்தோருக்கு வரும் வகையைப் போன்றது இது என்றும் மருத்துவர் விளக்கினார். பூனை ஊனுண்ணும் பிராணி. சோறு அதன் உணவன்று என்றும் சொன்னார். நாம் அன்போடு ஊட்டிய பால்சோறு நினைவுக்கு வந்தது. வாய் திறக்கவில்லை.

மருந்து பற்றிய பேச்சில் ஒரு சிக்கல் எழுந்தது. விலங்குகளுக்கென விற்கப்படும் இன்சுலின் ஒன்று பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. 1921இல் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறிந்த பின், பல பத்தாண்டுகள் மனிதர்களும் மாடு, பன்றி ஆகியவற்றின் கணைய மருந்தையே நம்பி வாழ்ந்தனர். நிர்ப்பந்தத்தின் சட்டம் யாது என்பதை நாம் பிறருக்குப் பாடம் சொல்லியிருக்கின்றோம். உயிர் காக்க வேறு வழியில்லாதபோது அதன் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டறிவதும் அதே சட்டத்தின் பகுதியன்றோ? கேட்டோம். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை. “இருக்கிறது ஐயா. கிளார்ஜின் என்ற இன்சுலின் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாராவது. பூனைக்கு நன்றாகவே ஒத்துவரும்” என்றார். மனித இன்சுலினை இவ்வாறு செய்து விற்க 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கிளார்ஜின் 2000ஆம் ஆண்டில் வந்தது. ஒரு வினாவைக் கேட்கக் கூசியிருந்தால், மனவுறுத்தலோடு ஊசியை ஏந்தியிருப்போம்.

காலை ஆறு மணிக்கு ஒரு யூனிட். மாலை ஆறு மணிக்கு ஒரு யூனிட். தின்ற பிறகே ஊசி. மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், குலுக்கக் கூடாது. மாமியின் அலமாரியில் எஞ்சியிருந்த ஊசிகளை நாம் எடுத்துச் சென்றிருந்தோம். அவற்றைக் கண்டதும் மருத்துவர் கையை உயர்த்தித் தடுத்தார். அவை மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட மருந்துக்கான ஊசிகள். கிளார்ஜினோ 100 யூனிட் கொண்டது. பழைய ஊசியில் ஒரு கோடளவு எடுத்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டரை யூனிட் உள்ளே போகும். மாமியை வாழ வைத்த ஊசி சுல்தானைக் கொன்றிருக்கும்.

இரத்தச் சோதனையை வீட்டிலேயே செய்யுமாறு அவர் பணித்தார். அங்கே வந்தால் அச்சத்தால் எண் பொய் சொல்லும். வீட்டில் மெய் சொல்லும். மாமியின் சர்க்கரைமானியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டோம். மனிதனின் இரத்தத்தில் சர்க்கரையின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது; பூனையின் இரத்தத்திலோ ஏறக்குறைய முழுதும் அணுக்களுக்கு வெளியேயுள்ள நீர்மத்தில் இருக்கிறது. ஆகவே மனிதருக்கான கருவி பூனைக்கு உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். விலங்குகளுக்கென்றே கருவி உண்டு. அது கிடைக்கும் வரை இதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் கருவியை மாற்றி மாற்றிப் பார்க்கக் கூடாது என்றார். அளவுகோல் ஒன்றாக இருந்தால்தான் அளவில் பொருள் இருக்கும்.

முறை எளிது; கை பழகுவதுதான் அரிது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் சிறிது நேரம் ஒற்ற வேண்டும். காது சூடேறினால் இரத்தம் விளிம்புக்கு வரும். விளிம்பை ஒட்டி மெல்லிய நரம்பொன்று ஓடுகிறது. அதற்கும் ஓரத்திற்கும் இடையே மிக மெல்லிதாக வாசலைன் தடவினால் துளி மயிரில் பரவாமல் முத்துப்போல் திரளும். பின்புறம் பஞ்சை வைத்துக்கொண்டு சிறு முள்ளால் குத்த வேண்டும். திரண்ட துளியில் கருவியின் பட்டையைத் தொடுவித்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பின் பஞ்சால் காதைச் சற்றே அழுத்திப் பிடித்தால் போதும்.

முதல் நாள் ஐந்து பட்டைகள் வீணாயின. சுல்தான் கட்டிலடியில் ஒளிந்தது. நாம் குனிந்து கையை நீட்ட, அது மேலும் பின்வாங்கிற்று. “ஓதுற புள்ளைகளைப் புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க” என்று இல்லாள் நகைத்தாள். உண்மையில் அந்தச் சொல் தைத்தது. பிறகு பிடிப்பதை விட்டுவிட்டு அழைக்கக் கற்றோம். கருவிப் பெட்டியைத் திறந்தவுடன் அவித்த மீன் துண்டு ஒன்று. குத்தியவுடன் மற்றொன்று. குத்தாத நாளிலும் காதைத் தடவிவிட்டு ஒரு துண்டு. பத்து நாட்களில் பெட்டியின் ஓசை கேட்டதும் தானே வந்து மடியருகே அமர்ந்தது. காதைக் குத்துகையில் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும்; அவ்வளவே. அறிவு புகட்டும் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்தும், அச்சம் நீங்கிய பிறகே எதுவும் உள்ளே செல்லும் என்பதை ஒரு பூனையிடம் பயின்றோம்.

மருத்துவர் கேட்டபோதெல்லாம் பன்னிரண்டு மணிநேரக் கணக்கு எடுத்தோம். காலை ஊசிக்கு முன் ஒன்று, பின்னர் இரண்டு மணிக்கொரு முறை. ஒரு நாள் கணக்கு இது: ஆறு மணிக்கு 312, எட்டுக்கு 270, பத்துக்கு 205, நண்பகலில் 148, இரண்டுக்கு 131, நான்குக்கு 188, மாலை ஆறுக்கு 290. இவற்றைக் கோடாக வரைந்தால் ஒரு பள்ளத்தாக்குப் போலிருக்கும். பள்ளத்தின் அடி எவ்வளவு ஆழம், எப்போது வருகிறது என்பதே மருத்துவர் அறிய விரும்புவது. அடி மிகவும் தாழ்ந்தால் மருந்து மிகை. மேலே ஏறத்தாழ 270ஐக் கடந்தால் சர்க்கரை சிறுநீரில் கசியத் தொடங்கும், எறும்பு வரும். இவ்விரண்டுக்கும் நடுவே அதை வாழ வைப்பதே மருத்துவம். அளவை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. அளந்து சொல்வது நம் பொறுப்பு. ரமளான் தொடங்குமுன் அவர் சொற்படி அளவு இரண்டு யூனிட் ஆகியிருந்தது.

இதற்கிடையே ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளியின் திண்ணையில் பழைய நண்பர் ஒருவர் கேட்டார்: “ஆலிம்சா, ஃபீஸ் கட்ட வழியில்லாத புள்ளைங்க ஊர்ல இருக்க, ஒரு பூனைக்கு மாசம் ரெண்டாயிரமா?” அருகிலிருந்தோர் நம் முகத்தைப் பார்த்தனர். வசனம் ஓதி வாயடைத்திருக்கலாம், செய்யவில்லை. கேள்வி நியாயமானது. வீட்டுக்கு வந்து செலவுக் கணக்கைப் பார்த்தோம். இனிப்புக்கும் நெய்ச்சோற்றுக்கும் விருந்துக்கும் மாதந்தோறும் நாம் செலவிட்டது, பூனையின் மருந்துச் செலவைப்போல் மும்மடங்கு. அந்தச் செலவைத் திண்ணையில் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிள்ளைகளின் கட்டணத்துக்கு வழி பிறந்திருக்கும். அம்மாதம் முதல் விருந்தைக் குறைத்தோம். பூனையின் பங்கில் கை வைக்கவில்லை.

இனி அந்த இரவு.

ரமளானின் மாலை நேரம் எப்படியிருக்கும் என்பதை வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நோன்புக் கஞ்சி கொதிக்கும், வடை பொரியும், அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பும் கிண்ணங்கள் வாசலில் வரிசையாய் நிற்கும். ஆறு மணிக்கு நாம் வீட்டுக்குள் நுழைந்தபோது சுல்தான் தன் தட்டருகே நின்று கத்திற்று. தட்டு காலியாயிருந்தது. இன்னும் ஊசி போடவில்லை என்று முடிவு கட்டினோம். அடுப்படியிலிருந்து இல்லாள் ஏதோ சொன்னாள். வடை பொரியும் ஓசையில் அது சரியாகக் கேட்கவில்லை. திரும்பிக் கேட்கவும் நமக்குப் பொறுமையில்லை. மீனை வைத்தோம், தின்றது. இரண்டு யூனிட் போட்டோம். நோன்பு திறக்கப் பள்ளிக்கு விரைந்தோம்.

தராவீஹ் முடிந்து திரும்பியபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. சுல்தான் வாசலுக்கு வரவில்லை. முற்றத்தில் எழுந்து நிற்க முயன்றது. பின்னங்கால்கள் விலகிச் சரிந்தன. தலை மெல்ல நடுங்கிற்று. “ஆறு மணிக்கு ஊசி போட்டேனே, எப்பவும் போலத்தானே இருந்துச்சு” என்று இல்லாள் பதறினாள். நாம் அவளைப் பார்த்தோம். “நானும் போட்டேன்” என்றோம். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. “போட்டாச்சுன்னு அடுப்படியிலிருந்து சொன்னேனே” என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

கருவி 41 காட்டிற்று. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். “கருவி குறைத்துக் காட்டும்தான். ஆனால் பூனை தடுமாறுகிறது அல்லவா? எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பூனையைப் பாருங்கள். ஈறில் தேன் தடவுங்கள். விழுங்கும் நிலைக்கு வந்தால் உணவு வையுங்கள். வலிப்பு வந்தால் தேனைத் தடவிக்கொண்டே அருகிலுள்ள மருத்துவரிடம் தூக்கி ஓடுங்கள்” என்றார். இல்லாள் மடியில் அதைக் கிடத்தினாள். விரலில் தேன் தொட்டு ஈறில் தடவினோம். கால் மணி நேரத்தில் 58. தலையைத் தூக்கி, தட்டிலிருந்த மீனை நக்கிற்று, பின் தின்றது. அரை மணிக்கொரு முறை காதைக் குத்தினோம். 72. 66. மீண்டும் தேன். 81. இந்த மருந்து மெல்ல வேலை செய்வது. ஆதலால் ஆபத்தும் மெல்லத்தான் விலகும். எண் ஏறிவிட்டதென்று உறங்கச் சென்றால் மறுபடியும் இறங்கும்.

அந்த நீண்ட இரவில், நாம் குரலுயர்த்திப் பழித்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் கொடுக்காமல் கொன்றாள். நாமோ கணக்கின்றிக் கொடுத்துக் கொல்லப் பார்த்தோம். முதலில் சோற்றை, பிறகு மருந்தை. அவளிடம் இரக்கம் இல்லை. நம்மிடம் இருந்தது இரக்கம், இல்லாதது கவனம். அடைபட்ட ஒரு வாயில்லா உயிரின் முன்னே இவ்விரண்டு குறைகளுக்கும் எவ்வளவு வேறுபாடு உண்டு? “பட்டினி போட்டுராதீங்க” என்று மாமி சொன்னதை நாம் சொல்லளவில் காப்பாற்றினோம். அமானிதம் சொல்லளவில் நிற்பதன்று.

சஹர் நேரத்தில் எண் 118. சுல்தான் எழுந்து முற்றத்தைச் சுற்றி வந்து, நம் காலில் முகத்தைத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சென்றது. மருத்துவர் சொற்படி காலை ஊசியை நிறுத்தினோம். இல்லாள் நமக்குச் சோறு வைத்தாள். இருவரும் அதிகம் பேசாமல் உண்டு, நோன்புக்கு நிய்யத் வைத்தோம்.

அன்று மாலையே ஒரு கணக்கேடு வாங்கினோம். தேதி, நேரம், சர்க்கரை எண், தின்ற உணவு, மருந்தளவு, போட்டவர் பெயர் என ஆறு கட்டங்கள். எழுதாமல் எவரும் ஊசியைத் தொடக் கூடாது. போதாதற்கு, நாளொன்றுக்கு இரண்டே ஊசிகளைத் தனிப் பெட்டியில் வைக்கின்றோம். மாலையில் பெட்டி காலியாயிருந்தால் போட்டாகிவிட்டது என்று பொருள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு திருமறை பணிப்பதை நாம் வியாபாரிகளுக்கான கட்டளையாகவே விளக்கி வந்தோம். நினைவை நம்பாதே, நல்லெண்ணத்தையும் நம்பாதே, எழுது என்று அது நம் வீட்டு முற்றத்தைப் பார்த்தும் சொல்கிறது என்பது இப்போது விளங்குகிறது.

ஏடு தொடங்கிச் சில வாரங்கள் கழித்து, காலைச் சோதனை முடிந்ததும் இல்லாள் கருவியை உறைக்குள் வைக்காமல் நம் பக்கம் நகர்த்தினாள். “சுல்தானுக்கு இதுவரை எத்தனை தடவை பாத்திருக்கோம்னு ஏட்டுல இருக்கு. உங்களுக்கு?” என்றாள். நமக்கு வயது ஐம்பத்தாறு. இரவில் மூன்று முறை எழுவதை வயதின் மேல் சுமத்தி வந்தோம். புதிய முள்ளை எடுத்து விரலை நீட்டினோம். பூனை கண்ணை மூடித் திறக்கும் நேரத்துக்கு நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். வெறும் வயிற்றில் 186. அவள் ஒன்றும் சொல்லாமல் ஏட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, நம் பெயரை எழுதி, அதே ஆறு கட்டங்களையும் வரைந்தாள்.

இப்போது சுல்தானின் உணவு சோறில்லாத மீனும் கோழியும். எடை ஐந்து கிலோவுக்கு வந்திருக்கிறது. மருந்து மீண்டும் ஒரு யூனிட்டுக்கு இறங்கியுள்ளது. சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலையும் வருவதுண்டு என்கிறார் மருத்துவர். அது வந்தால் வல்ல இறைவனின் கிருபை. வராவிட்டாலும் ஆறு மணிக்குப் பெட்டி திறக்கும். பெட்டியின் ஓசை கேட்டதும் இருவர் வந்து அமர்கின்றோம். ஒருவர் காதை நீட்டுகிறார். மற்றவர் விரலை நீட்டுகிறார். மீன் துண்டு மட்டும் அவருக்கே.